அம்மாவின் குரலைப் பதிவுசெய்த டெசிபல் மாமா

“நான் வாயை மூடிட்டேன். அப்புறமும் ஏன்டா அந்த ரெக்கார்டர்ல லைட் ஆடிக்கிட்டே இருக்கு?” என்று அம்மா கேட்டாள். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் கேட்டதும் என்னையல்ல, தன் தம்பியை. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் தாய்மாமாவுக்குக் குடும்பத்தில் டெசிபல் என்று பெயர். யாராவது தும்மினால்கூட எத்தனை டெசிபல் என்று சொல்லிவிடுவார். குறும்படக்காரர்களுக்கு மைக் கம்பு பிடிப்பது தொழில்; விசிட்டிங் கார்டிலோ ‘ஒலிப் பொறியாளர்’. ஹெட்போன் எப்போதும் கழுத்தில்தான் தொங்கும். காதில் வைத்தால் தலைமுடி கலைந்துவிடுமாம்.

மறுநாள் அம்மாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் சின்னத் தங்கை பிற்பாடு கேட்பதற்காகத் தன் குரலைப் பதிந்து வைக்க ஆசைப்பட்டாள் அம்மா. போனிலேயே எடுத்துவிடலாம் என்றேன். “பள்ளிக்கூடம் முடிச்சுட்டு சும்மா சுத்துறவன் எனக்குச் சொல்லித் தர்றியா?” என்று மாமா என் வாயை அடைத்தார்.

கம்பின் நுனியில் மைக்கை மாட்டினார். அடியில் வயர் வெளியே வரும் இடத்தில் தீப்பெட்டி அளவு டிரான்ஸ்மிட்டரைச் செருகி, ஆடாமலிருக்கக் கறுப்பு டேப் சுற்றினார். சும்மா சொல்லக்கூடாது, டேப்பை அழகாகத்தான் சுற்றினார். நேரே ரெக்கார்டருக்கு வயர் இழுத்திருக்கலாம். ஆனால் வயரெல்லாம் கற்றுக்குட்டிகளுக்காம்! ஊரே ஒன்றாம் சேனலில் கிடக்கும் என்று விளக்கி, டிரான்ஸ்மிட்டரை நான்காம் சேனலுக்கு மாற்றினார். ரெக்கார்டரோடு இருந்த ரிசீவரை மட்டும் ஒன்றிலேயே விட்டுவிட்டார். எதிர் மண்டபத்தில் யாரோ வயர்லெஸ் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். ரிசீவர் அவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

“லைட் ஆடுறது ரூம் சத்தத்துக்குக்கா. உனக்குப் புரியாது, நீ பேசு” என்றார் மாமா.

அம்மா பேசினாள். தங்கைக்குத் தலை வாரும்போது சொல்வதை, பரீட்சைக்கு அனுப்பும்போது சொல்வதை, அவள் கல்யாணத்தன்று சொல்ல வைத்திருந்ததை. குரல் கம்மியது, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மாமா மார்க் போடுகிறவர் போலத் தலையாட்டினார்.

அறுவை முடிந்து வீடு திரும்பிய அன்று போட்டுக் கேட்டோம். “நம்ம மேனேஜர் சார் ஒரு ஆலமரம்” என்றது ஓர் ஆண்குரல். பிரிவுபசார விழா. கடைசிவரை ஆலமரமும் அதன் நிழலும்தான். அம்மா எப்போது பேசுவாள் என்று தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். மண்டபத்துக்காரர்கள் அலைவரிசையைத் திருடிவிட்டார்கள் என்றார் மாமா. அப்புறம், “விடுக்கா, அடுத்த வாட்டி வயர் போட்டே எடுத்துடலாம்” என்றார்.

கழுத்துக் கட்டோடு அம்மா அவரையே பார்த்தாள். பிறகு அவள் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்று புரியவே நேரமாயிற்று, சத்தம் வரவில்லை. அக்காவுக்குக் கோபம் தீர்ந்தது என்று நினைத்து மாமா டீ கேட்டார்.

டெசிபல் மாமா உலகத்தில் ஒருவர்தான் என்று நான் நம்பவில்லை. அதனால், யாருடைய குரலையாவது பதிந்து வைக்கப் போகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். முதலில் ஒரு வரி பேச வைத்து, போட்டுக் கேட்டுவிடச் சொல்லுங்கள்.