லைட் டியூட்டிக்காரி ஓடலாமா

எங்கள் ஊர்ப் பக்கம் விடியற்காலையில் ஒரு பெண் ஓடினால், ஒன்று யாராவது செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவள் கம்பெனி பஸ்ஸைக் கோட்டை விட்டிருக்க வேண்டும். சும்மா ஓடுகிறாள் என்று எவருக்கும் தோன்றாது. அதிலும் பதினோரு வருஷமாக முதுகுவலிக்காரி என்று ஊருக்கே தெரிந்த ஒருத்தி ஓடினால் கேட்கவே வேண்டாம். இரண்டு வருஷமாக நான் ஓடுகிறேன். ஓடி வந்த மூச்சிரைப்பைவிட, எனக்கு இன்னும் குணமாகவில்லை என்று எல்லோரிடமும் விளக்கி விளக்கி வந்த மூச்சிரைப்புதான் ஜாஸ்தி.

வீடு பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில். வேலை ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில். இருபது வருஷ சர்வீஸ். அதில் பெரும்பகுதி தையல் மெஷினிலேயே போனது. ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். தோல் துண்டுகளை மடித்து ஒட்டி, விளிம்பை விட்டு நூல் பிசகாமல் தைத்து, அந்த அப்பரை முழுசாக்கி அனுப்புவது எங்கள் செக்‌ஷன் வேலை. எட்டு மணி நேரமும் குனிந்த தலை நிமிரக் கூடாது. அப்படிக் குனிந்து குனிந்து ஒருநாள் நிமிர முடியாமல் போனது. ஸ்கேன் எடுத்து, இடுப்புப் பக்கத்து முதுகெலும்பில் எல்-ஃபோர் எல்-ஃபைவ் என்று காட்டினார்கள். இடுப்பில் பிடிக்கும் வலி வலது தொடை வழியாக இறங்கிக் கட்டைவிரல் வரைக்கும் போகும். இரண்டு நாள் விட்டுவைக்கும், மூன்றாம் நாள் வந்துவிடும்.

முதுகுவலி என்று வாய் திறந்தால் போதும், எதிரில் இருப்பவர் டாக்டராகிவிடுவார். ஒரு விருந்துப் பந்தியில் நாத்தனார் தரையில் படு என்றாள். அதே பந்தியில் உட்கார்ந்திருந்த அவள் வீட்டுக்காரர் தரையில் மட்டும் படுத்துவிடாதே என்றார். பக்கத்து வீட்டு பாய் அம்மா வாரம் தவறாமல் ஆட்டுக்கால் சூப் கொடுத்தனுப்பினார். சூப் நன்றாக இருந்தது, முதுகு அப்படியே இருந்தது. எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் மழைக்கு அடுத்தபடியாக என் முதுகுதான் வரும். கல்யாண வீட்டுக்குப் போனால் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் யாராவது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உட்காருவதுதான் எனக்கு ஆகாது என்று சொன்னால், "பரவால்ல, உக்காரும்மா" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். அதனால் திட்டவும் முடியாது.

ஐந்து வருஷத்துக்கு முன் டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். நீண்ட நேரம் உட்கார்ந்து செய்யும் வேலை கூடாது, லைட் டியூட்டி தரவும் என்று இரண்டே வரி. அதை வைத்து என்னை மெஷினிலிருந்து எடுத்துச் செக்கிங் டேபிளில் போட்டார்கள். தைத்து வரும் அப்பரை நின்றபடியே புரட்டிப் பார்த்து, தையல் விட்டதைத் தனியே எடுத்துப் போட வேண்டும். நிற்கலாம், இரண்டடி நடக்கலாம், கையை நீட்டி மடக்கலாம். அந்த டேபிள் இருந்ததால்தான் நான் வேலையில் இருந்தேன். அது போனால் மறுபடி மெஷின். மெஷினுக்குப் போனால் முதுகு தாங்காது, முதுகு போனால் வேலையும் போகும். இந்தக் கணக்கை நான் தினமும் போட்டுப் பார்ப்பேன்.

இந்த நிலைமையில்தான் வேலூர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் ஒரு சின்னப் பெண் என்னை ஓடச் சொன்னாள்.

"நாலு நிமிஷம் நடங்க, ஒரு நிமிஷம் மெதுவா ஓடுங்க. அப்டியே அஞ்சு தடவை. போகப் போக ஓடறத ஜாஸ்தி பண்ணலாம்."

"மேடம், எனக்கு உக்காந்தாலே வலிக்குது."

"அதுக்குத்தாம்மா ஓடச் சொல்றேன். உங்க முதுகுக்கு ஆவாதது உக்கார்றது. ஓடறது இல்ல."

வலி சுத்தமாகப் போய்விடுமா என்று கேட்டேன். போகாது, தாங்கிக்கொள்ளும் பலம் வரும் என்றாள். அத்தனை வருஷத்தில் என்னிடம் உண்மை பேசிய முதல் ஆள் அவள்தான்.

வீட்டுக்காரர் குடியாத்தத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். விஷயத்தைச் சொன்னதும், "நடக்கவே பேஜார் பண்ற, இதுல ஓடப் போறியா? வுழுந்து வெச்சா யாரு பாக்கறது?" என்றார். அத்தோடு விட்டுவிட்டார். வேண்டாம் என்று சொல்லாததே பெரிது என்று எடுத்துக்கொண்டேன்.

இத்தனை வருஷம் ஷூ தைத்தவள் அதுவரை காலில் ஷூ போட்டதில்லை. வேலூரில் ஒரு கடைக்குப் போய், கொடுத்த ஜோடியையெல்லாம் கவிழ்த்துப் போட்டுத் தையல் பார்த்தேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மூன்று ஜோடியைத் தையல் சரியில்லை என்று தள்ளிவிட்டேன். கடைக்காரர், "இன்னாம்மா, கால்ல போட்டுப் பாக்கவே மாட்டீங்களா?" என்று எரிந்து விழுந்தார். நாலாவதைப் போட்டுப் பார்த்தேன். அது பிடித்திருந்தது.

சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு ஹைவே ஓரம் சர்வீஸ் ரோட்டில் ஆரம்பித்தேன். முதல் நாளே பால்காரர் வண்டியை நிறுத்தி, "யாருக்கு என்னாச்சு?" என்றார். யாருக்கும் ஒன்றும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. மறுநாள் தெரிந்தவர் ஒருவர் பைக்கில் ஏறச் சொல்லி ஃபர்லாங் தூரம் கூடவே வந்தார். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. கம்பெனியின் முதல் பஸ் இருக்கிறதே, அதுதான் என் பிராணனை வாங்கியது. விரிஞ்சிபுரம் பக்கமிருந்து கட்டிங் செக்‌ஷன் ஆட்களையும் சூப்பர்வைசர்களையும் ஏற்றிக்கொண்டு அது ஆறரைக்கு வரும். நான் போவது அடுத்த பஸ், ஏழரைக்கு. டிரைவர் என்னைப் பார்த்ததும் பிரேக் போட்டார்.

"யக்கா, மெதுவா வாங்க! நான் நிக்கறேன்!"

"நான் இந்த பஸ்ஸு இல்லப்பா! நீ போ!"

"அதுக்கு ஏன் ஓடறீங்க?"

முழுப் பஸ்ஸும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. நான்கு நாள் இதே கதை. ஐந்தாம் நாளிலிருந்து அவர் நிறுத்தவில்லை. அதற்குப் பதிலாக ஹாரன் அடித்துவிட்டுப் போனார். அந்தச் சத்தத்துக்கு நான் துள்ளி, முதுகில் ஒரு பிடி பிடித்து, ரோட்டோரப் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஆறு மாதத்தில் இடைவிடாமல் இருபது நிமிஷம் ஓட வந்தது. வேகம் ஒன்றும் இல்லை, தண்ணீர்க் குடத்தோடு போகிறவள் என்னை முந்திவிடுவாள். ஆனால் ஓடினேன். காலையில் படுக்கையை விட்டு எழும்ப வீட்டுக்காரரைக் கூப்பிடுவது நின்றது. குனிந்து கால் விரலைத் தொட முடிந்தது. வலி போகவில்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுகிறேன், வலி போகவில்லை. ஓடும்போது வலித்தது, ஓடி முடித்ததும் வலித்தது, மெஷினில் உட்கார்ந்த காலத்தைவிடக் கம்மியாக வலித்தது. அவ்வளவுதான் நடந்தது.

பாஸ்டரம்மாவுக்கு அது போதவில்லை. யாரோ அவரிடம் நான் ஓடுவதைச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும் நேரத்தில் முன்னால் வந்து, "நம்ம சகோதரி முதுகு பூரண சுகமாயிடுச்சு, தினமும் ஓடறாங்க, எழுந்து வந்து சாட்சி சொல்லுவாங்க" என்று மைக்கில் அறிவித்துவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அல்லேலூயா என்றார்கள். மைக்கை என் கையில் திணித்தார்கள். இல்லை, இன்னும் வலிக்கிறது என்று சொன்னால், இத்தனை வருஷம் எனக்காக முழங்கால் போட்டவர்களை என்ன செய்வது? "ஸ்தோத்திரம். முன்னைக்கு இப்ப பரவால்ல" என்றேன். பரவாயில்லை என்ற வார்த்தையை யாரும் காதில் வாங்கவில்லை.

மூன்று பெஞ்சுக்குப் பின்னால் எங்கள் லைன் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட நாலு வயது மூத்தவள், நான் அக்கா என்று கூப்பிடுவேன். மெஷினில் என் பக்கத்து சீட்டில் இருந்து மேலே போனவள். தினமும் முதல் பஸ் ஜன்னலிலும் அவள்தான் இருப்பாள்.

செவ்வாய்க்கிழமை எச்.ஆர். கூப்பிட்டார்.

"லைட் டியூட்டி லெட்டர் குடுத்துட்டு டெய்லி ரன்னிங் போறீங்களாம். சர்ச்ல குணமாயிடுச்சுன்னு சொல்லிட்டீங்களாம்."

"ஓடறேன் சார். உக்காரத்தான் முடியாது."

அவர் சிரித்தார். "இன்னாம்மா இது, என்னால உக்கார முடியும், ஓட முடியாது. நீங்க உல்டாவா சொல்றீங்க."

வேலூருக்கு ஓடினேன், பஸ்ஸில்தான். புதுக் கடிதம் வாங்கி வந்தேன். ஓடலாம், தொடர்ந்து உட்காரக் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது. எச்.ஆர். இரண்டு முறை படித்துவிட்டு, "மாத்தி டைப் பண்ணிட்டாங்க போல" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஓடாமல் வீட்டில் முனகிக்கொண்டு படுத்திருந்தால் அந்த டேபிள் சாகும்வரை எனக்குத்தான். உடம்பைத் தேற்ற ஒரு அடி எடுத்து வைத்தேன், அது குற்றமாகிவிட்டது. ஒரு வாரம் மெஷினில் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

லைனில் வேலை கைமாறிக் கைமாறிப் போகும். ஒருத்தி நின்றால் அடுத்தவள் சும்மா உட்கார வேண்டியதுதான். பிசியோ சொன்னபடி இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து நின்றேன். எனக்கு முன்னால் அப்பர் குவிந்தது. "இன்னா, கொடியேத்தப் போறியா? உக்காரு" என்று சூப்பர்வைசர் கத்தினாள். உட்கார்ந்தேன். மறுநாள் காலை ஓட முடியவில்லை, அடுத்த நாள் படுக்கையிலிருந்து எழும்ப வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் கையைக் கொடுத்துத் தூக்கினார். ஆறு மாதம் போட்ட பாடு இரண்டே நாளில் போய்விட்டது.

மூன்றாம் நாள் மத்தியானத்துக்கு முன் வலது பாதம் மரத்தது. பெடலை மிதிப்பது அந்தக் கால்தான். எவ்வளவு அழுத்துகிறேன் என்று தெரியவில்லை. மெஷின் இழுத்துக்கொண்டு போய் நூல் விளிம்பைத் தாண்டி ஓடியது. தோலில் விழுந்த ஊசி ஓட்டையை மூட முடியாது. ஆறு அப்பர் வீணான பிறகுதான் காலைக் கையால் தூக்கிப் பெடலிலிருந்து எடுத்தேன். சூப்பர்வைசர் வந்து பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். என் பாதத்தையே பார்த்தாள். பிறகு, "போ, டேபிளுக்குப் போ. எச்.ஆர். கிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள். ஆறு அப்பர் போன பயம் என்று எடுத்துக்கொண்டேன்.

டீ நேரத்தில் செக்‌ஷனுக்குப் பின்னால், கை கழுவும் குழாய்ப் பக்கம் அவள் தனியாக இருந்தாள். அங்கே தாழ்ந்த ஒரு படி உண்டு, அதில் உட்கார்ந்திருந்தாள். நான் நின்றபடி டீயைக் குடித்தேன்.

"நான்தான் எச்.ஆர். கிட்ட சொன்னேன்."

"தெரியும்கா."

"எனக்கும் அதே எடத்துலதான். நாலு வருஷமாச்சு. கால்ல இறங்குது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சொன்னா சூப்பர்வைசர் வேலைலேர்ந்து எடுத்துடுவாங்க. யார்கிட்டயும் சொல்லல, வூட்லயும் சொல்லல. நீ டேபிள்ல ஹாயா நிக்கறதப் பாத்தா வயிறு எரியும். அப்பறம் பஸ்லேர்ந்து பாத்தா, ஓட வேற ஓடறே."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டீயை அவள் மேலேயே ஊற்றியிருக்கலாம். என் மூன்று நாள், என் ஆறு மாதம், என் காலெல்லாம் அவள் வயிற்றெரிச்சலில் போயிருக்கிறது. நாலு வருஷமும் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சேர்ந்தே வேலூருக்குப் போயிருப்போம். இதையெல்லாம் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பெல் அடித்துவிட்டது.

அவள் எழப் பார்த்தாள். படி தாழ்வு. ஒரு கையை முழங்காலில் ஊன்றி, இன்னொரு கையைச் சுவரில் வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு பாதி எழுந்து அப்படியே நின்றுவிட்டாள். அந்த நிலைமை எனக்குத் தெரியும். மேலேயும் வர முடியாது, கீழேயும் போக முடியாது.

கோபம் ஆறவில்லை. ஆனாலும் கையை நீட்டினேன்.

அவள் உடனே பிடிக்கவில்லை. செக்‌ஷன் கதவைப் பார்த்தாள். குழாய்ப் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் பிடித்தாள். நல்ல கனம். என் முதுகு சுரீர் என்றது. விடாமல் இழுத்தேன்.