மாற்றிக் கட்டிய மேடை

எனக்கு எழுபத்திரண்டு வயசு. வயிற்றில் சுமந்தது நாலு, நாத்தனார் விட்டுப் போனது ரெண்டு, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் அடுப்படி விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம்.

நேற்று எங்கள் சமையலறையை மாற்றிக் கட்ட ஒரு கான்ட்ராக்டர் வந்தார். மகன்தான் கூட்டி வந்தான். கம்ப்யூட்டரில் போட்ட படத்தை மேஜையில் விரித்து, கேஸ் அடுப்பு இங்கே, சிங்க் அங்கே, மேலே கிரானைட் என்று காட்டினார். "அது இருக்கட்டும் தம்பி, முதல்ல எங்க மருமக தோசைத்திருப்பியைப் பாருங்க" என்றேன். "அஜ்ஜி, எல்லா வீட்டுக்கும் ஒரே அளவுதான்" என்று கன்னடத்தில் பாட்டி முறை வைத்துச் சிரித்தார். மகனும் சிரித்தான். சிரித்தால் சிரிக்கட்டும். ஏன் சொன்னேன் என்பதைப் பேத்தியின் நோட்டில் எழுதி வைக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயசு. ஆஸ்டின் டவுனில் ஓட்டு வீடு. அம்மா தரையில் குந்தி, விறகு அடுப்பில் புகையோடு சமைப்பாள். கண் எந்நேரமும் சிவந்திருக்கும். நின்றுகொண்டு சமைக்க மேடையும், புகை போகக் குழாயும் கட்டிவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். செய்தாரே தவிர, பொங்கலுக்குத் தொடங்கியது சித்திரை வரை பேச்சாகவே இருந்தது. அப்பா என் சிலேட்டில் படம் போடுவார். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவுக்கு அக்கா, அழிக்கச் சொல்வாள். கடைசியில் ரெண்டு பேரும் ஒத்துக்கொண்ட படத்தில் அடுப்பு இடதுபக்கச் சுவரோரம், வலதுபக்கம் பாத்திரம் வைக்க இடம். தெருவில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். அந்த மேடையில் நிற்கப் போகிற அம்மாவை யாரும் கேட்கவில்லை. சிலேட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு.

அம்மாவுக்குப் பீச்சாங்கைப் பழக்கம். இடது கையால் கிளறினால்தான் அவளுக்கு வேலை ஓடும். அத்தைக்கு அது ஆகாது. வாயால் ஒன்றும் சொல்ல மாட்டாள், லேசாகக் கனைப்பாள். கரண்டி வலது கைக்கு மாறிவிடும். அத்தை அந்தப்பக்கம் போனதும் திரும்பி வந்துவிடும். எனக்கு அது ஏதோ விளையாட்டு போல இருக்கும்.

மேஸ்திரிகள் மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆள் வாசலிலேயே நின்று நீளம் அகலம் கேட்டார். இரண்டாவது ஆள் ஒரு துரை பங்களாவில் தான் கட்டிய சமையலறையின் பெருமையைப் பேசினார். எங்களுடையதை எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாவதாக வந்தவர் பக்கத்தில் நீலசந்திராவில் இருந்த ஒரு சாயபு. நிலைப்படியில் உட்கார்ந்து, "தோசை சுடும்மா, பார்க்கிறேன்" என்றார்.

வேலைக்கு வந்தாரா, விருந்துக்கு வந்தாரா என்று அப்பா முணுமுணுத்தார்.

வேற்று ஆள், பக்கத்தில் அத்தை. அம்மா வலது கையால்தான் சுட்டாள். ஒரு தோசையும் முழுசாக வரவில்லை. பிய்ந்ததையெல்லாம் முகம் சுளிக்காமல் தின்றுவிட்டு, மேஸ்திரி தோசைத்திருப்பியைக் கேட்டு வாங்கினார். அதன் ஒரு ஓரம் சரிவாகத் தேய்ந்திருந்தது. விரலால் தடவினார். வலது கையில் பிடித்துப் பார்த்தார், பிறகு இடது கையில். திருப்பிக் கொடுத்தார். அப்புறம் ஒரு பீடியைப் பற்றவைத்து, புகை போகிற போக்கைப் பார்த்து, ஒரு பொட்டுப் புகை தங்காமல் கட்டித் தருகிறேன் என்றார். அப்பாவுக்கு அந்தப் பீடி வித்தை பிடித்துவிட்டது. அவரையே அமர்த்தினார்.

ஐந்து நாள் வேலை. அப்பா காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். அத்தை சுண்ணாம்புத் தூசிக்குப் பயந்து பக்கத்து வீட்டிலேயே இருந்தாள். மேடை ஈரச்சாக்கு போர்த்திக் கிடந்தது. ஐந்தாம் நாள் சாக்கை எடுத்ததும் நான் சிலேட்டோடு போய் நின்றேன். அடுப்பு வலதுபக்கச் சுவரோரம் இருந்தது. காலி இடம் இடதுபக்கம்.

தப்பைக் கண்டுபிடித்த பெருமை எனக்குத் தாங்கவில்லை. தெருமுனையிலேயே அப்பாவை மறித்து, "மேஸ்திரி மாத்திக் கட்டிட்டார்ப்பா" என்றேன்.

அப்பா சிலேட்டையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தார். இடித்துக் கட்டச் சொல்லிக் குதித்தார். மேஸ்திரி பதறவில்லை. கடப்பாரையைக் கையில் எடுத்துக்கொண்டார். "தப்பு என்னோடதுதான். சுண்ணாம்பு இன்னும் காயலை. சொன்னா இப்பவே இடிச்சிடறேன்" என்றார். பதில் அப்பாவுக்கு; பார்த்தது அம்மாவை.

அப்பா எதிரில் அம்மா குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயரவில்லை. "இருக்கட்டும்" என்றாள். "நான் பழகிக்கிறேன்."

"சிலேட்டைத் தலைகீழாப் பிடிச்ச மகராசன்" என்றாள் அத்தை. அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேடை பிழைத்தது.

அந்த மேடையில் வலது கையால் கிளறினால் முழங்கை சுவரில் இடிக்கும். அம்மா என்ன செய்வாள், இடது கையால்தான் கிளறியாக வேண்டும். அத்தை கனைப்பதை விட்டுவிட்டாள். எப்போதாவது அவள் சமைக்கிற நாளில் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு மேஸ்திரியைத் திட்டுவாள். ஆமாம் அண்ணி, அவருக்குக் கண்ணே தெரியலை என்று அம்மாவும் கூடச் சேர்ந்து திட்டுவாள். தோசை மட்டும் வட்டம் வட்டமாக வந்தது.

தீபாவளிக்குத் தீபாவளி ஒரு தூக்கு நிறைய அதிரசம் வைத்து என்னை மேஸ்திரி வீட்டுக்கு அனுப்புவாள். தப்பாகக் கட்டினவருக்கு எதுக்கும்மா என்று கேட்டால், கொண்டு போய்க் கொடு என்பதோடு சரி. அவர் தூக்கை வாங்கிக்கொண்டு, "மேடை எப்படி இருக்கு பாப்பா?" என்பார்.

"இன்னும் மாத்தித்தான் இருக்கு" என்பேன், கண்டிப்பாக.

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். செய்த தப்புக்கு வெட்கப்படாத மனுஷன் என்று எனக்குக் கோபமாக வரும்.

அம்மா போன பிறகு அந்தத் தோசைத்திருப்பி என்னிடம் வந்தது. என் வலது கையில் அது ஒரு நாளும் படியவில்லை. ஏதோ நினைவில் இடது கைக்கு மாற்றிப் பிடித்த அன்று, அடுப்பில் தோசை கருகக் கருக அப்படியே நின்றுவிட்டேன்.

நாளைக்குக் கான்ட்ராக்டர் மறுபடி வருகிறார். தோசைக்கு மாவு அரைத்து வைத்தாயிற்று. இந்தாடி கண்ணு, பாட்டி எழுதினதை ஒரு தடவை படி, கேட்கிறேன். 'பழகிக்கிறேன்' என்று வருகிற இடத்தில் மட்டும் அவசரப்படாதே.