உப்பில்லாத ஞாயிறு

இருபத்து மூன்று வயதில் என்னை மூப்பர், ஆங்கிலத்தில் எல்டர், என்று அழைத்தார்கள். மீசை வைக்க மட்டும் அனுமதி இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அமெரிக்காவிலிருந்து வந்த மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியனாகத் தாம்பரம், சேலையூர், வண்டலூர் என்று சைக்கிளில் அலைந்த காலம் அது. பின்னாளில் அரசு அலுவலகத்தில் விதிப் புத்தகங்களோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றேன். ஆனால் அந்தச் சபை சட்டைப் பையில் வைத்துக்கொள்ளக் கொடுத்த கையேட்டுக்கு நிகரான ஒன்றை அங்கேயும் பார்க்கவில்லை.

விடியும்போதே எழ வேண்டும். ஊழியத்தில் உடன் இருக்கும் கூட்டாளியைக் கண்பார்வையிலிருந்து அகலவிடக் கூடாது. குளியலறைக்கு மட்டும் விலக்கு உண்டு. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்கவும் வீட்டுக்குக் கடிதம் எழுதவும். மற்ற நாட்களில் வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப் பட்டை. அந்தக் கோலத்தில் ஊர் எங்களை மருந்து கம்பெனி ஆட்கள் என்றே நினைத்தது. சேலையூரில் ஒரு வீட்டில் கதவைத் திறந்ததுமே, "டாக்டர் தூங்குறாரு சார், சாம்பிள் இருந்தா குடுத்துட்டுப் போங்க" என்றார்கள்.

என் கூட்டாளி ராஜமுந்திரிக்காரன். அவன் தெலுங்கு கலந்த தமிழில் ஜெபித்தால் கேட்பவருக்குச் சிரிப்பு வரும், அவனுக்கு வராது. எனக்கு விதிகள் தெரியும், அவனுக்கு விசுவாசம் இருந்தது. எங்களை ஜோடி சேர்த்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கிழக்குத் தாம்பரத்தில் ரயில்வே ஃபிட்டர் ஒருவரின் மனைவி எங்களிடம் போதனை கேட்டு வந்தார். அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஞாயிறு ஆராதனைக்கும் வந்துகொண்டிருந்தார். ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. ஆனால் கணவன் சம்மதம் இல்லாமல் மனைவிக்குக் கொடுக்கக் கூடாது என்பது விதி. கணவரோ எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம், காபி.

காபியும் டீயும் எங்களுக்கு விலக்கு. முதல் நாள் கணவர் நீட்டிய டம்ளரை வேண்டாம் என்றோம். அடுத்த வாரமும் அதே. மூன்றாம் முறை டம்ளர்களை எங்கள் முன்னால் ஸ்டூலில் வைத்துவிட்டு, நகராமல் நின்றார்.

"இன்னா சார், ஒரு வாய் குடிச்சா தீட்டா?"

"அய்யோ, அப்படி இல்லண்ணா. எங்க சபையில காபி குடிக்கக் கூடாதுன்னு ரூல்" என்றேன்.

"ரூலு. எங்க செக்‌ஷன்லயும் அப்டித்தான். எல்லார் வூட்லயும் காபி குடிப்பானுங்க. நம்ம வூட்டாண்ட வந்தா மட்டும் ஒருத்தனுக்கு வயிறு சரியில்ல, ஒருத்தனுக்கு டாக்டர் வேணான்னுட்டாரு. நீங்க புச்சா ரூலுன்றீங்க."

அவர் தன் சாதியைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. இத்தனை வாரமாக அந்த வீட்டில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த விதியைச் சொல்லி விளக்குவது என்று நான் தேடிக்கொண்டிருக்கையில் கூட்டாளி வாயைத் திறந்தான்.

"காபி வத்துண்ணா. வேணாம். சாப்பாடு போடுங்க. ஃபுல்லா தின்றோம்."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கறி தின்பியா?"

"தின்றேன்."

"ஞாயித்துக்கெழம எனக்கு லீவு. மத்தியானம் வந்துருங்க. வரலன்னா, அப்பால இந்தத் தெருவுல காலு வெக்காதீங்க."

இருவரும் வேகமாகத் தலையாட்டினோம். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, கணவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அந்த ஞாயிறு காலை அவசரத்தில் ஒன்றும் சாப்பிடாமல் ஆராதனையில் போய் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு. அன்று எங்கள் சபைக்கே உபவாசம். இரண்டு வேளை சோறும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. போகாவிட்டால் அந்த வீட்டுக் கதவு மூடிவிடும். போய், இன்றைக்கு உபவாசம் என்று சொன்னால் அவருக்கு அது இன்னொரு ரூல்.

அவர் வீட்டுத் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி நான் வாதாடினேன். இரண்டு வேளை என்றுதான் இருக்கிறது. எந்த இரண்டு வேளை என்று இல்லை. மதியம் உண்டுவிட்டு இரவையும் மறுநாள் காலையையும் விட்டால் சரியாகிவிடும். கூட்டாளி பொறுமையாகக் கேட்டான்.

"ரூல் அப்புறம் பேசலாம் எல்டர். அந்தண்ணா வாசல் பார்த்துட்டு இருப்பாரு."

உபவாசத்தை ஜெபத்தோடு முடிப்பது வழக்கம். பூட்டிக் கிடந்த இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் அவன் தலைகுனிந்தான். "ஆண்டவரே, பசிச்சு இருந்தோம். இப்போ தின்னப் போறோம். ரெண்டும் உமக்கே." எனக்குச் சிரிப்பு வரவில்லை. விசுவாசம் என்று நான் அதுவரை நினைத்திருந்தது வெறும் ஒழுங்குதானோ என்ற பயம் வந்தது.

வாழை இலை போட்டு அவரே பரிமாறினார். கறிக்குழம்பில் துளி உப்பில்லை. நாங்கள் பேசாமல் உண்டோம். எதிரில் உட்கார்ந்து அவரும் ஒரு வாய் வைத்தார்.

"இன்னாமே இது, உப்பே இல்ல? ருசி பாக்கலியா?"

அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றார். "இன்னிக்கு உபவாசம்ங்க. வாயில வெக்கல."

"இன்னா உபவாசம்?"

"எங்க சபையில. மாசத்துக்கு ஒரு நாளு."

"அப்போ இவங்களுக்கு?"

"அவங்களுக்கும்தான்."

அவர் எங்கள் இலைகளைப் பார்த்தார். இரண்டும் பாதி காலியாகியிருந்தன. கூட்டாளி மென்றுகொண்டிருந்ததை விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அவர் எழுந்து உள்ளே போய் உப்பு ஜாடியோடு திரும்பினார். எங்கள் இலை ஓரத்தில் தன் கையாலேயே கொஞ்சம் கொஞ்சம் வைத்தார்.

"தொட்டுக்கினு சாப்டுங்க."

பிறகு மனைவியைப் பார்க்காமலே, "எப்போ முங்கணும்னு கேட்டு வெச்சிக்க" என்றார். சம்மதம் அவ்வளவுதான்.

ஆராதனைக்கு வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் பின்புறம் ஒரு சிமெண்ட் தொட்டி இருந்தது. லாரித் தண்ணீர் வாங்கி அதை நிரப்பினோம். உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் போக வேண்டும், விரல் நுனி வெளியே நின்றாலும் மறுபடி செய்ய வேண்டும் என்று தொடங்கும்முன் எல்லோருக்கும் சொன்னோம். அதைப் பார்க்க இரண்டு சாட்சிகள், ஒருவன் நான். துணிப்பையைத் தூக்கிவர மட்டுமே வந்ததாகச் சொல்லிவிட்டுக் கணவர் சுவரோரம் நின்றுகொண்டார்.

கூட்டாளி உரிய வார்த்தைகளைப் பிசகாமல் சொல்லி அக்காவை அமிழ்த்தி எடுத்தான். சாட்சிகள் இருவரும் தலையாட்டினோம்.

"சார், முழங்கை வெளிய நின்னுச்சு."

சுவரோரத்திலிருந்து அவர் நாலடி முன்னே வந்திருந்தார்.

"அரகொறயா இன்னாத்துக்கு? இன்னொரு தபா முக்குங்க. முழுசா."

அக்கா முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு, கைகளை மார்போடு இறுக்கிக்கொண்டு, மறுபடி மூச்சை இழுத்துப் பிடித்தார்.