பாதி வழியில் இறங்கிய தாய்

என் கையெழுத்து கோணல். பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி பேருந்தில் அந்தப் பெண் எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தார். மடியில் இளைப்பில் தவிக்கும் மகள். பிள்ளையின் சட்டையைத் தூக்கி, செல்போனை விலா எலும்புக்கு நேரே பிடித்திருந்தார். வீடியோ காலில் டாக்டர் பிள்ளையின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை இன்ஹேலரில் மருந்தை இழுத்துச் சற்று நேரமானதும், "இளைப்பு கொறஞ்சிருக்கு. வீட்டுக்குப் போங்க, சாயங்காலம் மறுபடி காட்டுங்க" என்றார் டாக்டர்.

அந்தப் பெண் உடனே எழுந்துவிட்டார்.

"ஏளா, தூத்துக்குடிக்குல்லா டிக்கெட் எடுத்த?" என்றார் கண்டக்டர்.

"ஆஸ்பத்திரி வரிசைல நின்னா உப்பளத்துக் கூலி போயிருமே. நீங்க தருவியளா அண்ணாச்சி?"

இறங்கிவிட்டார்கள். நேரில் காட்டாமல் போகலாமா என்றே எனக்கு மனதில் ஓடியது. அந்தச் சின்ன விலா ஏறி இறங்குவதே கண்ணில் நின்றது. இப்போதும் அந்த நிறுத்தம் வந்தால் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறேன்.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் எழுதினேன்.