கபூர் பாயின் இரண்டு கிதார்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். அழகாக இருக்கட்டும் என்று ஒரு வரியும் சேர்க்க மாட்டேன். கபூர் பாயைத் தெரிந்த உங்களில் பலர் அவருடைய கிதாரைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறீர்கள். அவர் அதைச் சோதித்துப் பார்த்த மாலையில் அந்த அறையில் நானும் இருந்தேன். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தத் திங்கட்கிழமை காலை நான் பள்ளிக்குப் புறப்பட்டு, பின்னலுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் மெல்லிசைக் குழுவில் இரண்டாவது கிதார் வாசிக்கும் சேகர் அண்ணன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். உள்ளே வரவில்லை. "பாய் போயிட்டார்மா. விடியக்காலையில நெஞ்சு வலின்னாராம்" என்று வாசலிலேயே சொன்னார். அப்பா தறியிலிருந்து எழுந்து வந்தார். கையில் பிடித்திருந்த, ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

பகலில் ரேடியோ ரிப்பேர் கடை, மாலையில் கல்யாண வரவேற்புகளிலும் கோயில் திருவிழாக்களிலும் கிதார். இதுதான் கபூர் பாய். குழு அவருடையது. அப்பா அதில் தபலா. பெண் குரலுக்கு நான். "பாய் இருக்கிற குழுன்னா பாடட்டும், வேற எங்கயும் வேணாம்" என்று அப்பா வீட்டில் சொல்லியிருந்தார்.

ஒருமுறை ஐயம்பேட்டையில் ஒரு கல்யாணம். பாய் கிதாரை ஆம்ப்ளிபயரில் மாட்டியதும் வழக்கம்போல 'உர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. பெண்ணின் தாய்மாமன் மேடைக்கே வந்துவிட்டார்.

"என்னா பாய், உள்ள ஏதோ வண்டு மாட்டிக்கினு இருக்குது போல?"

"வண்டு இல்லீங்க, அது மூச்சு. உசிரு இருக்கிற பொருள் மூச்சு விடாதா?"

"அப்ப சரி, அதுக்கும் ஒரு எலை போடச் சொல்றேன்."

பந்தலே சிரித்தது. பாய் சிரித்துக்கொண்டே வாசிக்கத் தொடங்கினார். "பழசு பழசுதாம்மா. மரம் காஞ்சு காஞ்சு அத்தனை பாட்டையும் குடிச்சிருக்குது" என்று என்னிடம் அடிக்கடி சொல்வார். எங்கள் ஊரில் அதை யாரும் மறுக்கவில்லை. பாட்டி காலத்துச் சேலையின் ஜரிகை இந்தக் காலத்தில் வராது என்று கடைக்குக் கடை பேசுகிற ஊர் இது. ஜரிகைக்கு ஒரு நியாயம், கிதாருக்கு ஒரு நியாயமா என்று எல்லாரும் நம்பினோம்.

அந்தக் கிதார் அவருடையது அல்ல. நான் பிறப்பதற்கு முன்பே அவருடைய அண்ணன் சிங்கப்பூரில் வாங்கி, தம்பியிடம் விட்டுவைத்தது. சென்ற ரம்ஜானுக்கு ஊருக்கு வந்த அண்ணன், தன் மகன் இப்போது கிதார் பழகுகிறான் என்று சொல்லி அதைக் கேட்டார். "எடுத்துக்கோ அண்ணா" என்று பாய் உடனே சொல்லிவிட்டார். பிறகு சென்னையில் வாத்தியம் செய்கிற ஒருவரிடம் அதே அளவில், அதே மரத்தில், அதே சிவப்பு வண்ணத்தில் ஒன்று செய்யச் சொன்னார். அது வந்ததும் நடுப்பகலில் கடையில் வைத்துக் கொஞ்ச நேரம் வாசித்தார். கீழே வைத்துவிட்டார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது. உசிரு மட்டும் இல்லை. ஞாயித்துக்கிழமை அண்ணன் வந்து பழசை எடுத்துக்கினு போவார். அதோட நானும் நிறுத்திக்கிறேன்பா."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ நிறுத்தினா குழு எங்க இருக்குது பாய்? என் பொண்ணு யாரோட பாடும்?"

நான் ஆணியில் தொங்கிய ரேடியோக் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்தக் கேள்விதான்.

அப்பாதான் வழி சொன்னார். "நம்ம பட்டுக்கடை முதலாளி கண்ணை மூடிக்கினு பட்டைத் தேய்ச்சுப் பார்த்துத்தானே வாங்கறாரு? கண்ணுக்கு வேலை குடுத்தா ஏமாந்துடுவோம்னு சொல்றாரே. நீயும் காதால மட்டும் பாரு. அப்பவும் உசிரு இல்லைன்னா நிறுத்திக்கோ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் கடை மாடியில் கூடினோம். குறுக்கே கொடி கட்டி இரண்டு வேட்டிகளைத் தொங்கவிட்டோம். சேகர் அண்ணன் இரண்டு கிதார்களோடு வேட்டிக்கு அந்தப் பக்கம் போனார். பாய் இந்தப் பக்கம் நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

முதல் கிதார் ஒலித்தது. இனிமைதான், ஆனால் வெறும் இனிமை. ஆம்ப்ளிபயர் ஒயரை இழுக்கும் சத்தமும் ஸ்டூல் நகரும் சத்தமும் கேட்டன. இரண்டாவது கிதார், வாசிக்கும் முன்பே 'உர்ர்' என்றது. அதே மெட்டு பாதிதான் வந்திருக்கும், பாய் கையைத் தூக்கிவிட்டார்.

"இதுதான்பா. இதுதான் என்னோடது."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் சந்தேகமே இல்லை.

சேகர் அண்ணன் வேட்டியை விலக்கினார். அவர் மடியில் இருந்தது புதுக் கிதார்.

"டேய், விளையாடாதே."

"எங்கம்மா சத்தியமா பாய், நான் எதையும் மாத்தலை."

பாய் எழுந்து போய்ச் சேகர் அண்ணன் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். முதல் கிதாரை சேகர் அண்ணன் ஜன்னலோரம், விளக்கிலிருந்து தள்ளி நின்று வாசித்திருக்கிறார். இரண்டாவதற்கு, சுவரில் எரிந்த டியூப் லைட்டின் கீழ் ஸ்டூலைப் போட்டிருக்கிறார். பாய் சுவிட்சை அணைத்தார். உர்ர் நின்றது. போட்டார், மறுபடியும் வந்தது. பழைய கிதாரை அதே இடத்தில் வைத்துப் பார்த்தார். அதுவும் உறுமியது. ஊரில் எந்தக் கல்யாணப் பந்தலில் டியூப் லைட் கட்டாமல் இருக்கிறார்கள்? புதியதையோ அவர் பகல் வெளிச்சத்தில் மட்டுமே வாசித்திருந்தார்.

அவர் சிரித்த சிரிப்பு கீழே தெரு வரை கேட்டிருக்கும். "ஊர்ல இருக்கிற ரேடியோவுல எல்லாம் இந்த உர்ரை ரிப்பேர்னு சொல்லி எடுத்துக்கினு இருந்தேன். என் கிதார்ல மட்டும் அதை உசிருன்னு சொல்லிக்கினு இருந்தேனேப்பா!"

பிறகு விளக்கை அணைத்துவிட்டு இரண்டையும் வாசிக்கச் சொன்னார். மாறி மாறி வாசித்தும் எது பழசு, எது புதுசு என்று எங்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அப்பா தயங்கித் தயங்கி, "பாய்?" என்றார்.

"தெரியலைப்பா" என்றார் அவர். குரலில் வருத்தம் இல்லை.

அதன் பிறகு இரண்டையும் தானே வாங்கி மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். "கைக்குத் தெரியுது. பழசோட கழுத்து என் விரலுக்கு ஏத்த மாதிரி தேஞ்சு கெடக்குது. அது என் விரல் செஞ்ச வேலைதானே? இதையும் தேய்ச்சுடலாம்."

மறுநாள் பழைய கிதாரை அவரே மாடிப்படிகளில் இறக்கிவந்து அண்ணனிடம் கொடுத்தார். புதியதைக் கடைசி வரை வாசித்தார். பழசைப் பற்றி யாராவது கேட்டால், தான் ஏமாந்த கதையைத் தானே முதலில் சொல்லிவிடுவார். அதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

ஊரே அவருடைய காதை நம்பியிருந்தபோது, எங்கள் எல்லார் முன்னிலையிலும் அவர் சொன்ன அந்த 'தெரியலைப்பா'வைத்தான் நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன். அதைச் சொன்ன மாலையில் அவர், "பாடும்மா வசந்தி, நிறுத்தினாத்தானே யாரோட பாடறதுன்னு கேக்கணும்" என்று சொல்லி வாசிக்கத் தொடங்கினார். நான் பாடினேன். மடியில் எந்தக் கிதார் இருந்தது என்று எனக்குத் தெரியாது. விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன.