நாத்தனார் மாறிய வாரம்

எந்த சீரியலில் யார் யாராக நடிக்கிறார்கள் என்று எழுதிவைக்கும் இணையதளம் ஒன்றைக் கொல்லிமலையில் உட்கார்ந்துகொண்டு நடத்துகிறேன். சினிமாவும் உண்டு, ஆனால் உயிரை எடுப்பது சீரியல்தான். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் ஒரு வரி போட்டு அவர்கள் வேலையை முடித்துக்கொள்கிறார்கள். நான் வருவதும் போவதுமாக இருக்கும் சிக்னலைப் பிடித்து, பழைய பேரை எடுத்துப் புதுப் பேரைப் போடவேண்டும். கொஞ்சம் தாமதித்தால் 'இதுகூடத் தெரியாதா?' என்று மெயில் வரும். தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று பதில் எழுதத் தோன்றும். எழுதுவதில்லை. அலுத்துவிட்டது.

அப்படித்தான் ஒரு சீரியலில் நாத்தனார் மாறினாள். இதுவரை நாத்தனாராக நடித்தவள் எங்கள் ஊரான வாழவந்தி நாட்டுப் பெண், பக்கத்து வீட்டு அத்தையின் ஒரே மகள். அன்றிலிருந்து அவள் போன் அணைந்தே கிடந்தது. எங்கே இருக்கிறாள், என்ன ஆனாள், ஒன்றும் தெரியவில்லை. தினமும் டிவியில் அவள் முகத்தைப் பார்த்துத்தான் அத்தை பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தார்.

மிளகு பறித்த கையோடு என் வாசலில் வந்து நின்றார்.

"ஏங் கண்ணு, எம்புள்ள பேர எடுத்துப்போட்டியாமா?"

"நான் எடுக்கலீங்க அத்தை. அவங்க ஆளை மாத்திட்டாங்க. நடக்கறதத்தான் நான் எழுதறேன்."

"நீ எழுதுனாத்தான ஊருக்கே தெரியுது. பழையபடி அவ பேரையே போட்டுடு சாமி. வந்துருவா."

நான் பேர் போட்டால் ஆள் திரும்பி வந்துவிடும் என்று நம்புகிறவரிடம் என்ன சொல்வது? முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன், தாங்கவில்லை. தப்பென்று தெரிந்தே மகள் பேரைத் திரும்பப் போட்டேன்.

மெயில்கள் குவிந்தன. தூங்குகிறீர்களா என்றார் ஒருவர். இன்னொருவர் தளத்தையே இழுத்து மூடச் சொன்னார், எனக்கும் அதில் சம்மதம்தான். படித்தும் படிக்காமலும் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தேன்.

கடைசியில் பேர் போடாமல் ஒன்று இருந்தது.

"அக்கா, தப்பாப் போட்டிருக்கீங்க. நான் இப்ப அதுல இல்லீங்க. எடுத்துடுங்க. அம்மாவுக்கு மிளகு பறிக்க ஆள் கிடைச்சுதா?"

பேரை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று போனோடு அத்தை வீட்டுக்கு ஓடினேன்.