சிவப்பு வட்டம் போட்ட சீட்டுகள்

ரத்தம் எடுக்கிறவளைப் பார்த்து வழியில் யாரும் வணக்கம் சொல்வதில்லை, கையைப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள். நீங்களும் என்றைக்காவது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை இந்தப் பக்கம் நீட்டியவர்கள்தானே, அதனால் மனம் விட்டுச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஓசூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். எச்.ஐ.வி. என்ற பேரைக் கேட்டாலே ஆட்கள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்ட காலம்.

செக்போஸ்ட்

பெரிய ஊர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றிலிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது. எச்.ஐ.வி. கிருமியில் பல வகை உண்டு, ஒவ்வொரு தேசத்திலும் ஒவ்வொரு வகை அதிகம், உடம்புக்கு உடம்பு தாவும்போது அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக மாறும், இந்தத் தமிழ்நாடு-கர்நாடக எல்லைப் பகுதியில் சுற்றுவது எந்த வகை என்று பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். தொற்று உள்ளவர்கள் சம்மதித்தால் ஒரு குழாய் ரத்தம் கூடுதலாக எடுத்து அனுப்ப வேண்டும். குழாயில் பேர் கூடாது, நம்பர் மட்டும்தான்.

விஷயம் வெளியே கசிந்ததும் ஊரே நீதிபதி ஆகிவிட்டது. இந்தப் பக்கத்தார் "பெங்களூர்ல இருந்துதான் வந்துச்சு" என்றார்கள். அந்தப் பக்கத்தார் "தமிழ்நாட்டு லாரியில வந்துச்சு" என்றார்கள். குருபரப்பள்ளியில் ஹைவே ஓரம் முகாம் போட்டிருந்தபோது, ஏற்கெனவே தொற்று தெரிந்த ஒரு லாரி டிரைவர் தானாக வந்து கையை நீட்டினார். எந்த மாநிலத்துக் கிருமி என்று கண்டுபிடிக்கத்தானே எடுக்கிறீங்க என்று கேட்டார். மாநிலம் இல்லைங்க, வகை என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"செக்போஸ்ட்ல என்னை மூணு மணி நேரம் நிறுத்தி வெச்சாங்க மேடம், இந்தக் கிருமியை ஒருத்தரும் கை காட்டி நிறுத்தலையே!"

டிரங்குப் பெட்டி

மத்திகிரியில் வரிசை வீடுகளில் தெற்கத்திப் பையன்கள் குடியிருந்தார்கள், எல்லாம் ஃபேக்டரி ஷிப்டு ஆட்கள். எங்கள் ஆஸ்பத்திரி வார்டு பாய்க்கு இவர்கள்மேல் தனிக் கடுப்பு. "இவனுங்க வந்தப்புறந்தான் மேடம் இங்க எல்லா வியாதியும்" என்று அவர்கள் காதுபடவே சொல்வான். ஒருநாள் லேபில் அவன் அப்படிச் சொன்னபோது, அவர்களில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஊசியை எடுக்கும்வரை பொறுத்திருந்தவர், அப்புறம் அவனைப் பார்த்துச் சொன்னார்.

"ஏல, ஊர்ல இருந்து நான் கொண்டாந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு ஊறுகா பாட்டிலுந்தாம்ல, மிச்சமெல்லாம் உங்க ஊர் குடுத்தது."

பேர்

ரத்னா ஆனேக்கல் பக்கத்துப் பெண். கன்னட நாட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். புருஷன் மத்திகிரியில் லேத் ஆபரேட்டர். கர்ப்பத்தின் நாலாம் மாதம் எடுத்த ரத்தத்தில் அவளுக்குத் தொற்று இருந்தது, கூப்பிட்டுப் பார்த்ததில் புருஷனுக்கும் இருந்தது. மாமியார் ஒரே பேச்சில் தீர்ப்பு எழுதிவிட்டாள், இவள்தான் கர்நாடகாவில் இருந்து கொண்டுவந்தாள் என்று. ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்கிறாயா என்று கேட்டபோது, அதனால்தான் ரத்னா உடனே சரி என்றாள். வகையைக் கண்டுபிடித்தால் யார் யாருக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும் என்று நம்பியிருந்தாள்.

ஏழாம் மாதம் வந்து முடிவைக் கேட்டாள். இது யார் கொடுத்தது என்று சொல்கிற சோதனை இல்லையம்மா, குழாயில் நம்பர்தான் இருக்கும், எது உன்னுடையது என்று எனக்கே தெரியாது, உன் பேர் வெளியே போகக்கூடாது பார், அதற்காகத்தான் என்று பெருமையாக விளக்கினேன். அவள் தன் பிரசவச் சீட்டை மேஜைமேல் வைத்தாள். மேல் மூலையில் சிவப்பு மையில் ஒரு வட்டம். தொற்று இருக்கிறவர்கள் சீட்டில் அப்படிப் போடுவது எங்கள் வழக்கம். அதைப் போட்டதும் நான்தான். அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் பிரசவ வார்டில் 'இங்கே வேண்டாம், சேலத்துக்குப் போ' என்று அவளை விரட்டிக்கொண்டிருந்தார்கள். சேலத்தில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

"யாரோ ஆராய்ச்சி பண்ற குழாயில பேர் போடக்கூடாது, என்னைத் தொடுறவங்க பார்க்கிற சீட்டுல மட்டும் பேரும் போட்டு வட்டமும் போடலாமா மேடம்?"

எல்லாருக்கும்

மறுநாள் காலை பிரசவ வார்டுச் சீட்டுகளை மொத்தமாக லேபுக்குக் கொண்டுவரச் சொன்னேன். சிவப்புப் பேனாவை எடுத்து ஒன்று விடாமல் வட்டம் போட்டேன். மளிகைக் கடைக்காரர் மனைவிக்கும் வட்டம், எங்கள் கிளார்க்கின் தங்கைக்கும் வட்டம். மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரி கிடுகிடுத்துவிட்டது. விளக்கம் கேட்டுப் பெரிய டாக்டர் மெமோ கொடுத்தார்.

நான் எழுதிக் கொடுத்தது இதுதான். தொற்று வந்து சில வாரம்வரை எங்கள் சோதனையில் தெரியாது. வட்டம் இல்லாத சீட்டை நம்பி ஒரு சிஸ்டர் வெறுங்கையோடு ரத்தத்தைத் தொட்டால், அவளை ஏமாற்றியவள் நான்தான். யாரைத் தொட்டாலும் கையுறை போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் என்னை வேலையை விட்டு அனுப்புங்கள். ஒரு வரியையும் அடிக்காமல் கொடுத்தேன். டாக்டர் இரண்டு தரம் படித்துவிட்டு, கையுறை கேட்டு ஸ்டோருக்கு இண்டென்ட் எழுதினார். ஹெட் சிஸ்டர்தான் சீட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் சண்டைக்கு வந்தார்.

"எல்லாருக்கும் வட்டம் போட்டுட்டா, இனிமே நான் யாரைத் தொடாம இருக்கிறது?"

ஒரே வகை

அடுத்த மாதம் ஆராய்ச்சிக்கூடத்துப் பதில் வந்தது. எந்த நம்பர் யாருடையது என்று தெரியாவிட்டாலும் லாரிக்காரர், ஃபேக்டரிக்காரர், அந்தப் பக்கத்துப் பெண், இந்தப் பக்கத்துப் பெண், கிட்டத்தட்ட எல்லாமே ஒரே வகை. 'சி' என்று பேர். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறியிருந்தாலும் ஒரே வம்சம். ரத்னாவின் மாமியார் விசாரிக்க வந்தாள். இங்கே ஆனேக்கல் கிருமி, மத்திகிரி கிருமி என்று தனித்தனியாக ஒன்றும் இல்லை, யாரிடமிருந்து யாருக்கு என்று இதை வைத்துச் சொல்லவும் முடியாது என்றேன். நன்றாக வேண்டும் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு திருப்தி. அந்த அம்மா புடவைத் தலைப்பை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். என் திருப்தி போய்விட்டது.

"அப்ப இத்தனை மாசமா நான் யாரத் திட்டிட்டு இருந்தேன்?"

புதுச் சீட்டு

ரத்னா எங்கள் வார்டிலேயே பெற்றாள். நல்ல வெயில் நேரம். கையுறை மாட்டிக்கொண்டு பிரசவம் பார்த்தவர் அதே ஹெட் சிஸ்டர். மாமியார் வராண்டாவில் வெந்நீர்ப் பிளாஸ்க்கோடு நின்றிருந்தாள். ஆண் குழந்தை. அவனுக்குத் தொற்று இருக்கிறதா இல்லையா என்று தெரிய ஒன்றரை வருஷம் ஆகும். அதை ரத்னாவிடம் மறைக்காமல் சொன்னேன். தெரியும் என்று தலையாட்டினாள்.

இப்போது பிறக்கிற குழந்தைகள் சீட்டிலும் வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன், இந்தக் குழந்தையின் புதுச் சீட்டும் என் கைக்கு வந்தது. பச்சை மண், பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இதற்குமா என்று பேனாவை மூடிவிட்டேன். படுத்திருந்த ரத்னா பார்த்துவிட்டாள். முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். பக்கத்துக் கட்டில் குழந்தையின் சீட்டைக் காட்டினாள். அதில் வட்டம் இருந்தது.

"போடுங்க மேடம், இவனுக்கு மட்டும் விட்டீங்கன்னா இவன்தான் தனியாத் தெரிவான்!"

போட்டேன், அன்றைக்கென்று பார்த்து அந்த வட்டத்தோடு பேனாவில் சிவப்பு மை தீர்ந்துபோய் ஸ்டோரில் கேட்டால், ஒரு ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு சிவப்பு மை எதற்கு என்று எனக்கு இன்னொரு மெமோ வந்தது.